சுற்றணும், உருளணும், சத்தம் போடணும்: வீட்டில் மிஞ்சும் பொருளில் விளையாட்டுச் சாமான்

நான்கு வயதுப் பையன், எட்டு வயதுப் பெண். பாட்டில், அட்டைப்பெட்டி, ஐஸ் குச்சி என்று வீட்டில் மிஞ்சுவதை வைத்து அடிக்கடி ஏதாவது செய்து கொடுக்கிறீர்கள். செய்யும்போது இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் அது அலமாரிக்குப் போய்விடுகிறது, அப்புறம் யாரும் தொடுவதில்லை. எதைச் செய்தால் பிள்ளைகள் உண்மையிலேயே விளையாடுவார்கள், எது ஆபத்தில்லாதது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைகளில் குழந்தைகளோடு இந்த வேலையைத்தான் நெடுநாளாகச் செய்துவருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் செய்ததாகச் சொன்னவற்றைப் பாருங்கள். பாட்டிலில் பென்குயின், முட்டை அட்டையில் பூங்கொத்து, டப்பாவில் பேனா ஸ்டாண்ட். எல்லாமே பார்ப்பதற்கான பொருட்கள். பென்குயினைக் கையில் எடுத்த பிள்ளை அடுத்து என்ன செய்யும்? அது உருளாது, சுற்றாது, சத்தம் போடாது. கழற்றி மாட்டவும் முடியாது. போதாக்குறைக்கு "பார்த்துடா, உடைச்சிடாதே" என்ற எச்சரிக்கையும் சேர்ந்துகொள்ளும். அலமாரிக்குப் போவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. பள்ளிகளில் நடக்கும் 'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்' போட்டிகள் நம்மை இப்படிப் பழக்கிவிட்டன. ஒரு காலி பாட்டிலை அலங்கரிக்கக் கடைக்குப் போய் மினுமினுப்புத் தூளும் தெர்மோகோலும் பெயிண்டும் வாங்கி வருகிறோம். பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டிய பாட்டில், அதன் பிறகு எதற்கும் உதவாத குப்பையாகிறது. இது எனக்கு வருத்தமான விஷயம்.

அதனால் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: பிள்ளை தொட்டதும் அந்தப் பொருள் பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும். இன்னும் வேகமாக இழுத்தால் வேறு மாதிரி செய்ய வேண்டும். அப்படி இருந்தால் அழகு தேவையில்லை. பழுப்பு அட்டை பழுப்பாகவே இருக்கட்டும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் தாங்களே செய்துகொண்ட சாமான்களை நினைத்துப் பாருங்கள். நுங்கு தின்றபின் மிஞ்சும் வெறுங்காய் இரண்டைக் குச்சியில் கோத்து, கவட்டைக் குச்சியால் தள்ளிக்கொண்டு ஓடும் நுங்கு வண்டி. பனை ஓலைத் துண்டின் நடுவில் கருவேல முள்ளைக் குத்திக் காற்றுக்கு எதிரே பிடித்து ஓடும் காற்றாடி. தேய்ந்த சைக்கிள் டயர், அதை அடித்து ஓட்ட ஒரு குச்சி. தீப்பெட்டிகளை வரிசையாகக் கோத்த ரயில். ஒன்றுகூட அலங்காரப் பொருள் இல்லை, எல்லாம் ஓடும், சுற்றும். செய்தவர்களும் பிள்ளைகளே. எட்டு வயது அக்கா செய்வதை ஐந்து வயதுத் தம்பி பார்த்துக் கற்றுக்கொண்டான். பெரியவர்கள் அரிவாளைப் பிடித்து நுங்குக் காயை ஓட்டை போட்டுக் கொடுத்ததோடு சரி.

இன்று பலருக்கு நுங்கு பிளாஸ்டிக் டப்பாவில் உரித்தே வருகிறது. இந்தக் காலத்து வீட்டில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும். கூரியரில் வரும் அட்டைப்பெட்டிதான் இப்போதைய பெரிய செல்வம். அடுத்தது கல்யாணப் பத்திரிகை. அந்தக் கெட்டி அட்டைக்கு இணையாகக் கடையில் வாங்குவதென்றால் நல்ல விலை கொடுக்க வேண்டும். வருடம் முடிந்ததும் தினசரி காலண்டரின் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். சாமி படம் இருந்தால் வீட்டுப் பெரியவர்கள் தரையில் வைக்க ஒப்பமாட்டார்கள். ஈரத்துணியைச் சற்று நேரம் போட்டு வைத்தால் படம் உரிந்து வந்துவிடும், பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு அட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தீப்பெட்டி, ஊதுபத்திப் பெட்டி, பற்பசை அட்டை, பாட்டில் மூடிகள், கொட்டாங்குச்சி, புளியங்கொட்டை, பழைய காட்டன் புடவை, தையல் கடையில் காலியாகும் நூல் உருளை: இவற்றுக்கென்று ஒரு பெட்டி வையுங்கள். ஒரே ஒரு பெட்டி. அது நிரம்பினால் பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியது, இல்லையென்றால் வீடே குடோன் ஆகிவிடும்.

எதைச் சேர்க்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன். பினாயில், ஆசிட், பூச்சி மருந்து வந்த பாட்டில்களை எத்தனை முறை கழுவியிருந்தாலும் வேண்டாம். டியூப்லைட், சிஎஃப்எல் பல்புகளில் பாதரசம் உண்டு, பக்கத்திலேயே வரக் கூடாது. பழைய கதவு, ஜன்னல் மரத்துண்டுகளில் செதில் செதிலாக உரியும் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பெயிண்டை நம்ப முடியாது. உடைந்த பொம்மையிலிருந்து பட்டன் பேட்டரியையோ சின்னக் காந்தத்தையோ எடுத்து வைக்காதீர்கள். பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடும்; அந்தச் சந்தேகம் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். பயன்படுத்திய ஊசி மருந்துக் குழாயை வைத்துச் செய்யும் பொம்மைகள் நிறைய காட்டுகிறார்கள். அந்தப் பொம்மைகள் நல்லவை, ஆனால் குழாயை மருந்துக் கடையில் புதிதாக வாங்குங்கள், ஊசியைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அளவு விஷயமும் உண்டு. மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தை எடுத்து வாயில் போடக்கூடியது எது என்று பார்க்க, பொம்மைச் சோதனைக் கூடங்களில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சின்ன உருளை வைத்திருப்பார்கள். அதற்குள் அடங்குவது எதுவும் அந்த வயதுக் குழந்தையின் சாமானில் இருக்கக் கூடாது. உங்கள் பையன் அந்த வயதைத் தாண்டிவிட்டான், ஆனால் நான்கு வயதில் பிள்ளைகள் புளியங்கொட்டையை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். கொட்டை விளையாட்டு என்றால் பெரியவர் ஒருவர் கூட உட்கார வேண்டும், முடிந்ததும் எண்ணி எடுத்து வைக்க வேண்டும். கடையில் விற்கும் பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வீட்டில் செய்வதற்குச் சோதனைக் கூடம் நாம்தான்.

இனி செய்யும் வேலைக்கு வருவோம். முதலில் எட்டு வயதுப் பெண்ணுக்கு.

நான் எப்போதும் தொடங்குவது நூல் சுழலியில். அந்தக் காலத்தில் சோடா மூடியைத் தட்டித் தட்டையாக்கி இரண்டு ஓட்டை போட்டு நூல் கோத்துச் செய்வார்கள். விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், கையை அறுத்தவர்கள் உண்டு. அட்டையில் செய்தால் அந்தப் பயமில்லை. பத்திரிகை அட்டையில் வளையல் ஒன்றை வைத்து வட்டம் வரைந்து, அதேபோல் மூன்று வட்டம் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கனமான ஒரே வட்டாக்குங்கள். நடுப்புள்ளியைக் குறித்து, அதன் இரு பக்கமும் அரை சென்டிமீட்டர் தள்ளி இரண்டு ஓட்டை. ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான நூலை ஒரு ஓட்டையில் விட்டு மற்றதில் எடுத்து முடிச்சுப் போட்டால் வளையமாகும். பூ கட்டும் நூல் மெல்லியது, சீக்கிரம் அறுந்துவிடும். பார்சல் கட்டும் சணல் சொரசொரப்பு. தையல் நூலை நான்கு இழையாக முறுக்கினால் சரியாக இருக்கும்.

வட்டு நடுவில் இருக்க, இரு முனையிலும் விரலை மாட்டி, கிறுகிறுவென்று ஒரே திசையில் சுழற்றி முறுக்கேற்றுங்கள். பிறகு இரு கையையும் இழுங்கள், தளர்த்துங்கள், மறுபடி இழுங்கள். முறுக்கு பிரியும்போது வட்டு சுற்றுகிறது. முழுதும் பிரிந்த பிறகும் சுற்றிய வேகத்தில் நிற்காமல் போய், நூலை எதிர்த் திசையில் தானே முறுக்கிவிடுகிறது. எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்பது சொல்லித் தெரிவதில்லை, கைதான் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் முதலில் இழுத்தபடியே நிற்பார்கள், வட்டு நின்றுவிடும். விட்டுக்கொடுத்தால்தான் அது முறுக்கிக்கொள்ளும் என்று பிடிபட்ட நொடியில் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். அதற்காகவே நான் குறுக்கே பேசுவதில்லை.

வட்டு தள்ளாடினால் ஓட்டைகள் நடுவிலிருந்து விலகியிருக்கின்றன. சீக்கிரமே நின்றுவிட்டால் வட்டு ரொம்ப லேசு. பாதிக்குச் சிவப்பும் பாதிக்கு மஞ்சளும் பூசினால் சுற்றும்போது ஆரஞ்சு தெரியும். விளிம்பில் பல் பல்லாக வெட்டினால் சத்தம் கூடும். பல் எத்தனை வைத்தால் சத்தம் எப்படி மாறுகிறது என்று உங்கள் பெண் தானே சோதித்துப் பார்க்கட்டும். இதே தத்துவத்தை எடுத்துக்கொண்டு, 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் அவர் குழுவினரும் காகிதத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கருவி செய்து காட்டினார்கள். மின்சாரமே இல்லாமல் நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை போகும். ஒன்றரை நிமிடத்தில் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரிக்கும். விலை 20 அமெரிக்க சென்ட். கரண்ட் இல்லாத ஊர்களின் மருத்துவமனைக்காக யோசித்தவர்கள், பிள்ளைகளின் நூல் விளையாட்டிலிருந்து அதை எடுத்தார்கள். எட்டு வயதுப் பிள்ளையிடம் இதைச் சொன்னால் கண்ணை விரித்துக் கேட்கும், சொல்லுங்கள்.

அடுத்தது நூல் உருளை டாங்கி. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். காலி நூல் உருளையின் துளைக்குள் ரப்பர் பேண்ட் ஒன்றை நுழையுங்கள். ஒரு பக்கம் ரப்பருக்குள் சின்னத் தீக்குச்சித் துண்டைச் செருகி, அது சுற்றாதபடி உருளையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். மறு பக்கம் மெழுகுவர்த்தியில் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு வில்லை வெட்டி, திரியை உருவிவிட்டு, அந்த ஓட்டை வழியே ரப்பரை வெளியே இழுத்து ஒரு நீளக் குச்சியைச் செருகுங்கள். பழைய பென்சில் நன்றாக இருக்கும். குச்சியை இருபது முப்பது சுற்றுச் சுற்றிவிட்டுத் தரையில் வைத்தால் டாங்கி மெதுவாக நகரத் தொடங்கும். ரப்பர் பிரியப் பார்க்கிறது, குச்சி தரையில் இடித்து நிற்கிறது, வேறு வழியில்லாமல் உருளை சுற்றுகிறது.

இதில் மெழுகு வில்லைதான் சூட்சுமம். அது இல்லாவிட்டால் குச்சியும் உருளையும் உரசி இறுகிவிடும், அல்லது ஒரே மூச்சில் பிரிந்து ஓடிவிடும். மெழுகு வழுக்குவதால் சக்தி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. பிளாஸ்டிக் உருளை டைல்ஸ் தரையில் வழுக்கும். இரு விளிம்பிலும் ரப்பர் பேண்ட் சுற்றிவிட்டால் பிடிமானம் வந்து, புத்தகத்தைச் சாய்த்து வைத்த மேட்டில்கூட ஏறும். எவ்வளவு சரிவு வரை ஏறுகிறது, இரண்டு ரப்பர் போட்டால் என்னாகிறது என்று பிள்ளைகள் அரைநாள் அதிலேயே கிடப்பார்கள்.

தீப்பெட்டி டெலிபோன் உங்களுக்கே தெரியும். ஆனால் இன்று செய்பவர்கள் பலர் "கேட்கவே இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். நூல் தொய்ந்திருக்கும், அல்லது சுவர் மூலையில் பட்டிருக்கும். விறைப்பாக, எதையும் தொடாமல் இருக்க வேண்டும், பெட்டியைப் பிடிக்கும் விரலும் நூலில் படக் கூடாது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் நடு நூலைக் கிள்ளிப் பிடித்தால் பேச்சு அறுந்துபோகும். அதிர்வுதான் நூல் வழியாகப் போகிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. இப்போதைய தீப்பெட்டி அட்டை மெத்தென்று இருப்பதால், தயிர் டப்பா இன்னும் தெளிவாகக் கேட்கும்.

ஒளிக்கு ஒரு விளையாட்டு வேண்டுமென்றால் ஊசித்துளைப் பெட்டி. ஃபியூஸ் போன குண்டு பல்பில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடித் துண்டால் வெயிலைத் திருப்பி, ஃபிலிம் துண்டைச் சுவரில் சினிமாவாகக் காட்டிய பிள்ளைகள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருந்தார்கள். இன்று குண்டு பல்பும் இல்லை, ஃபிலிமும் இல்லை. உடைந்த கண்ணாடி ஆபத்து என்பதால் அது போனதில் எனக்குக் குறையும் இல்லை. ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி இரண்டு அட்டைக் குழாய் செய்யுங்கள். வெளிக்குழாயின் வாயை அலுமினியத் தாளால் மூடி ஊசியால் ஒரே ஒரு துளை. உள்குழாயின் வாயில் சமையல் எண்ணெய் தடவிய வெள்ளைத் தாளை ஒட்டுங்கள், எண்ணெய் பட்ட தாளில் ஒளி ஊடுருவும். அந்தப் பக்கம் முதலில் போகும்படி உள்ளே நுழைத்து, அறையை இருட்டாக்கிவிட்டு, வெளிச்சமான ஜன்னலை நோக்கிப் பார்த்தால் ஜன்னல், எதிர்வீடு, தென்னை மரம் எல்லாம் தலைகீழாக, நிறத்தோடு தெரியும். உள்குழாயை முன்னும் பின்னும் நகர்த்தினால் படம் பெரிதாகும், சிறிதாகும். துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், படத்தின் தெளிவு குறையும். சூரியனை நோக்கி மட்டும் திருப்பக் கூடாது.

தீக்குச்சி பற்றியும் சொல்ல வேண்டும். சைக்கிள் வால்வில் போடும் மெல்லிய ரப்பர் டியூப் சைக்கிள் கடையில் கிடைக்கும். அதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினால் மருந்து நீக்கிய தீக்குச்சிகளைக் கோக்கும் மூட்டு ஆகிவிடும். ஐஐடி கான்பூரில் படித்துவிட்டு வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அரவிந்த் குப்தா, 1978-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனபோது கிராமச் சந்தையில் கிடைக்கும் பொருளிலேயே பாடம் நடத்த வேண்டும் என்று யோசித்துக் கண்டதில் இதுவும் ஒன்று. குப்பையிலிருந்து பொம்மை என்பதையே வாழ்நாள் வேலையாக்கியவர். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மூன்று குச்சியில் முக்கோணம் செய்தால் அசையாது. நான்கு குச்சியில் சதுரம் செய்தால் கோணிக்கொண்டு சாயும். குறுக்கே ஒரு குச்சி சரியான நீளத்தில் வைத்தால் நிற்கும். செல்போன் டவரும் ரயில் பாலமும் ஏன் முக்கோணம் முக்கோணமாக இருக்கின்றன என்பதைப் பிள்ளை விரல் வழியாகத் தெரிந்துகொள்ளும். இந்த வேலை எட்டு வயதுக்கு மேல்தான் சரிப்படும்.

இப்போது பையன். நான்கு வயதுக்கு இயந்திர சூட்சுமம் எல்லாம் வேண்டியதில்லை. அவனுக்கு நிறையப் பொருள் வேண்டும், இடம் வேண்டும், யாரும் "இது வீடு, இது கார்" என்று பெயர் சொல்லாமல் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ வந்த பெரிய அட்டைப்பெட்டி கிடைத்தால் அதைவிடச் சிறந்த பொம்மை இல்லை. பின்களை மட்டும் பிடுங்கிவிட்டு அப்படியே கொடுங்கள். ஜன்னல் வெட்டிக் கொடுக்காதீர்கள், எங்கே வெட்ட வேண்டும் என்று அவன் காட்டும்போது வெட்டுங்கள். டென்மார்க்கில் 1943-இல், ஜெர்மானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில், கோபன்ஹேகன் அருகே எம்ட்ரப் என்ற இடத்தில் ஸோரன்சன் என்ற பூங்கா வடிவமைப்பாளரின் யோசனையில் ஒரு திடல் திறந்தார்கள். ஊஞ்சலும் சறுக்குமரமும் வைப்பதற்குப் பதில் பலகை, செங்கல், பழைய சாமான்களைப் போட்டுப் பிள்ளைகளிடம் விட்டார்கள். அழகாகக் கட்டிய பூங்காவில் விளையாடாத பிள்ளைகள், கட்டிட வேலை நடக்கும் இடங்களில் ஆசையாக விளையாடுவதை அவர் கவனித்திருந்தார். பிறகு 1971-இல் சைமன் நிக்கல்சன் என்ற ஆங்கிலேயர் இதையே ஒரு கொள்கையாக எழுதினார்: சுற்றிலும் நகர்த்தவும் மாற்றவும் கூடிய உதிரிப் பொருட்கள் எவ்வளவு வகையாக இருக்கின்றனவோ, அவ்வளவுக்குப் பிள்ளைகள் புதிதாக யோசிப்பார்கள் என்று. அடுப்படியில் பாத்திரத்தை உருட்டும் குழந்தையைப் பார்த்த எந்த அம்மாவும் இதை ஒப்புக்கொள்வார்.

அவனுக்கு உடனே செய்து தரக்கூடியவை இவை. கனமான இரண்டு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, மென்மையான கண் வழியாகக் கயிறு கோத்து உள்ளே முடிச்சுப் போட்டால் கொட்டாங்குச்சி நடை தயார். மேலே ஏறி நின்று கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். முதல் நாள் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், ஈரமான டைல்ஸில் வேண்டாம். அதே கொட்டாங்குச்சி இரண்டை ஒரு குச்சியின் இரு முனையில் தொங்கவிட்டு நடுவில் கயிறு கட்டினால் தராசு. கடை வைத்து விளையாட அவனும் அக்காவும் சேர்ந்துகொள்வார்கள். மூடி இறுகப் போட்ட ஒரே மாதிரி டப்பாக்களில் அரிசி, துவரம்பருப்பு, மணல், ஒன்றில் வெறும் காற்று என்று போட்டு, இரண்டிரண்டாகச் செய்து வைத்தால் சத்தத்தை வைத்து ஜோடி சேர்க்கலாம். மூடியைச் சுற்றிலும் நல்ல டேப் போட்டு அடையுங்கள்.

பழைய காட்டன் புடவையைக் கிழித்து இறுக்கிச் சுற்றி, மேலே சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிக் குறுக்கும் நெடுக்கும் மாட்டினால் துணிப்பந்து. ஏழாங்கல் ஆட அடுக்குமாடி வீட்டில் கல்லுக்கு எங்கே போவது? அட்டையை வெட்டி ஒட்டிக் கட்டையாக்கி அடுக்குங்கள்.

ஆட்டங்களைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளும் நீங்களும் சேர்ந்து உட்காரக் கூடியவை அவைதான், செலவும் சுத்தமாக இல்லை.

காலண்டர் அட்டையில் ஆடு புலி ஆட்டம் வரைந்துவிடலாம். கோடுகள் சந்திக்கும் புள்ளிகள் 23. புலி மூன்று, ஆடு பதினைந்து. புலிக்குப் பெரிய பாட்டில் மூடி, ஆட்டுக்குப் புளியங்கொட்டை. ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்து முடிக்கும் வரை ஆடு நகரக் கூடாது. புலி நகரலாம், பக்கத்தில் இருக்கும் ஆட்டைத் தாண்டி அடுத்த புள்ளி காலியாக இருந்தால் வெட்டலாம். புலிகள் நகர முடியாமல் கட்டிவிட்டால் ஆடு ஜெயித்தது. எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும், வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரு தரப்புக்கும் வேறு வேறு பலம், வேறு வேறு வேலை; பிள்ளைகள் மாறி மாறி ஆடும்போது பலவீனமாகத் தோன்றும் ஆட்டின் பக்கம்தான் யோசிக்க அதிகம் இருக்கிறது என்று கண்டுகொள்வார்கள்.

பல்லாங்குழிக்கு முட்டை அட்டை பொருத்தம், ஆனால் ஒரு சிக்கல். முப்பது முட்டை அட்டை ஐந்துக்கு ஆறு என்ற கணக்கில் வருகிறது, நமக்கு வேண்டியது ஏழு ஏழாக இரண்டு வரிசை. ஆறு குழி நீளத்தில் இரண்டு வரிசை வெட்டி, மிச்சத்திலிருந்து இரண்டு குழியை வெட்டி முனையில் ஒட்டுங்கள். கீழே ஒரு அட்டையைக் கொடுத்து ஒட்டினால் ஆடாது. முட்டை உடைந்து வழிந்ததோ எச்சம் பட்டதோ வேண்டாம், சுத்தமானதாகப் பார்த்து நல்ல வெயிலில் காய வைத்து எடுங்கள். குழிக்கு ஐந்து என்று 70 புளியங்கொட்டை. ஒரு குழியில் இருப்பதை எடுத்து, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போய், கையில் தீர்ந்ததும் அடுத்த குழி காலியென்றால் அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்வது. நடுவில் எந்தக் குழியில் நான்கு சேர்ந்தாலும் அது பசு, அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார். நான்கு வயதுப் பையன் அம்மா மடியில் உட்கார்ந்து கொட்டை போடும் வேலையை மட்டும் செய்தால் போதும். ஒவ்வொரு குழிக்கும் ஒன்று என்று போடுவதே அவனுக்கு எண்ணும் பயிற்சி.

தாயக்கட்டைக்கு மாற்று, புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் சிமெண்ட் தரையில் தேய்த்து வெள்ளையாக்குவது. தேய்ப்பதே பிள்ளைகளுக்குப் பெரிய கொண்டாட்டம். நான்கு கொட்டையைக் குலுக்கிப் போட்டு வெள்ளை எத்தனை விழுந்தது என்று எண்ண வேண்டும். இரு பக்கமும் சமமாக விழுந்தால், பதினாறு வகையில் ஆறு வகை 'இரண்டு வெள்ளை'. நான்கும் வெள்ளையாக விழுவது ஒரே ஒரு வகை. ஆனால் கொட்டை சமமாக விழாது, தேய்த்த விதத்தைப் பொறுத்து ஒரு பக்கம் சாயும். உங்கள் பெண்ணை ஒரு தாளில் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். தன் கொட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவள் தானாகவே கண்டுபிடித்துவிடுவாள், பிறகு இன்னும் தேய்ப்பதா நிறுத்துவதா என்றும் யோசிப்பாள். காலண்டரில் கிழித்த தேதித் தாள்களைச் சேர்த்து வைத்தால் எண் விளையாட்டுக்கு அச்சடித்த சீட்டு 31 தயாராக இருக்கிறது, அதையும் விடாதீர்கள்.

பசை விஷயத்துக்கு வருகிறேன். உடனே ஒட்டும் பசை பிள்ளைகள் பக்கம் வரவே கூடாது. விரலோடு விரல் ஒட்டுவது ஒருபுறம், பருத்தித் துணியில் சிந்தினால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். காகிதம், அட்டைக்கு மைதா பசை போதும். மூன்று மேசைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிளறிக்கொண்டே காய்ச்சினால் கண்ணாடி மாதிரி ஆகும்போது இறக்கிவிடலாம். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், நீங்கள் சேர்க்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும், அப்புறம் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள். அட்டையில் ஓட்டை போடக் கோணூசி நல்லது. ஓட்டையும் கத்தி வேலையும் பெரியவர் செய்ய வேண்டும். கத்தரிக்கோல் வேலையை எட்டு வயதுக்காரி தாராளமாகச் செய்யலாம்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. நீங்கள் நன்றாகச் செய்கிறீர்கள் என்பது உங்கள் எழுத்திலிருந்தே தெரிகிறது, அதுதான் சிக்கல். அம்மா செய்த பென்குயின் அவ்வளவு நேர்த்தியாக இருக்கும்போது பிள்ளைக்கு அதில் செய்ய எதுவும் மிச்சமில்லை. பாதி செய்து வையுங்கள். வட்டத்தை வெட்டிவிட்டு ஓட்டையை எங்கே போடலாம் என்று கேளுங்கள். தப்பான இடத்தைக் காட்டினாலும் அங்கேயே போட்டுக் கொடுங்கள். வட்டு தள்ளாடும்போது ஏன் என்று அவளே கேட்பாள். அக்கா தம்பிக்குச் செய்து கொடுக்கட்டும். கோணல்மாணலாக வந்தால் சரிசெய்யக் கையை நீட்டாதீர்கள். சாமான் உடைந்தால் அழுகையைத் தேற்றிவிட்டு, எந்த இடத்தில் விட்டுப்போனது என்று சேர்ந்து பாருங்கள். மறுபடி செய்யும்போது அந்த இடம் கெட்டியாக வரும். அதற்காகக் கடைப் பொம்மையே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல மரப் பம்பரமும் சொப்புச் சாமானும் நாம் அட்டையில் செய்துவிட முடியாதவை. செய்பவர்களுக்கும் அது பிழைப்பு.

வருகிற சனிக்கிழமை மூன்று வேலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு நூல் சுழலி, பையனுக்குப் பெரிய பெட்டி, சாயங்காலம் எல்லோருக்கும் ஆடு புலி. வெள்ளிக்கிழமை இரவே பசையைக் காய்ச்சி ஆறவைத்துவிடுங்கள், ஊசியும் கத்தரியும் எடுத்து மேலே வையுங்கள். டாங்கிக்கு வேண்டிய உருளையைத் தையல் கடையில் இப்போதே சொல்லி வைத்தால் அடுத்த வாரத்துக்குள் கிடைத்துவிடும், இரண்டாகக் கேளுங்கள். ஒன்று மட்டும் வாங்கினால் அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை வரும்.